அணைக் கெண்டைக்கு ஒரு நன்றி

கிருஷ்ணகிரி அணையில் வலை போடும் அண்ணன்களுக்கும், மீன்குஞ்சுப் பண்ணைத் தொழிலாளர்களுக்கும், அணை வாசலில் மீன் பொரிக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

ஓசூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். சிப்காட்டில் பட்டறை திறப்பவர்களும் புதுவீடு குடிபுகுபவர்களும் கோய் கெண்டை கேட்டு வருகிறார்கள். எட்டு பொன்னிறம், ஒன்று கறுப்பு என்பது வாஸ்துக்காரர்கள் சொல்லியனுப்பும் கணக்கு. மஞ்சள் ஆற்றில் அருவியை எதிர்த்து ஏறிய கெண்டை டிராகன் ஆனது என்பது சீனக் கதை. ஜப்பானில் மே 5 அன்று பிள்ளைகள் நன்றாக வரவேண்டும் என்று துணிக் கெண்டைகளைக் கம்பத்தில் பறக்கவிடுகிறார்கள்.

எனக்கு வாழ்வு தந்ததோ நீங்கள் பிடிக்கும் சாதாக் கெண்டை. கோயும் அந்த வழிதான். நீகாட்டா மலைக்கிராமங்களில் நெல் விவசாயிகள் சாப்பாட்டுக்கு வளர்த்த கெண்டைகளில் நிறம் காட்டியவற்றைப் பிரித்து வளர்த்து உண்டாக்கியது அது. 1914 டோக்கியோ கண்காட்சிக்குப் பிறகே அதன் பெயர் பரவியது.

1957இல் திறந்த நம் அணையில்தான் அப்பா வலை போட்டார். அந்த வருமானத்தில்தான் நான் ஐடிஐ முடித்தேன். தொழிலைக் கற்றுத் தந்தவர்களோ நீங்கள். கெண்டை முட்டை ஒட்டும் என்பதால் ஹாப்பா வலைக்குள் வேலம்பாசியை மிதக்கவிடுவீர்கள். முட்டையிட்டதும் தாய்மீன்களை எடுத்துவிடுவீர்கள். இல்லாவிட்டால் அவையே தின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரியும். ஆக்சிஜன் பையில் கட்டுவதற்கு முன் இரையை நிறுத்தி வயிற்றைக் காலியாக்க வேண்டும். கழிவு சேர்ந்து தண்ணீர் கெட்டால் குஞ்சு ஊர்போய்ச் சேராது. இதைப் பண்ணைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தந்தார். ஆயிரக்கணக்கில் விலைபோகும் கோயையும் இன்று அப்படித்தான் கட்டுகிறேன். என் கடை நிற்பது அந்தப் பாடத்தில். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இந்த மடலைப் படிக்கும் ஓசூர்த் தொழில்முனைவோருக்கும் ஒரு வார்த்தை. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையும் சுமந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளுகிறது. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்கும் போகிறது. கோய்த் தொட்டிக்கு நல்ல வடிகட்டி கேட்டு வாங்குகிறீர்கள். உங்கள் ஆலைக் கழிவுநீரையும் சுத்திகரித்த பிறகே வெளியே விடுங்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் சாக்கடையை நிறுத்தச் சொல்லி இந்த மீனவர்களோடு சேர்ந்து நீங்களும் மனுக் கொடுங்கள்.