அந்த அக்காவின் உள்ளங்கை

போன வாரம் வாசிப்பு வட்டத்துத் தம்பி ஒருவர் ஒரு செய்தியை அனுப்பி, "நல்ல விஷயம்தானேக்கா?" என்று கேட்டிருந்தார். புற்றுநோய் மருந்துகளை ஒரே மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளிகள் விடாமல் சாப்பிடுவார்கள் என்பது செய்தி. நல்ல விஷயம்தான். ஆனால் பதில் எழுத உட்கார்ந்ததும் எனக்கு ஓர் அக்காவின் கைதான் நினைவுக்கு வந்தது.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அருந்ததியர் குடியிருப்பு. அக்கா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். மார்பகப் புற்றுநோய் பரவிய நிலையில் கேப்சிடபின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். காலையில் மூன்று, இரவில் மூன்று. 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விட வேண்டும். சோறு தின்ற அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அக்கா விடியற்காலை ஐந்தரைக்கு வேலைக்கு நிற்க வேண்டும். முதல் சோறே பத்தரைக்குத்தான்.

அட்டையில் மாத்திரை மிச்சமிருந்தது. 'ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். என் பங்குக்கு நானும் உட்கார்ந்து அறிவுரை சொன்னேன். மருந்தைப் பாதியில் விடுகிறவர்களைப் பற்றி எம்.ஏ. பரீட்சையில் எட்டுப் பக்கம் எழுதியவள் நான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா கையை விரித்தார். உள்ளங்கை சிவந்து, தோல் உரிந்து கிடந்தது.

"மாத்திரையப் போட்டா கையி வெந்து போகுது கண்ணு. வெளக்கமாத்தப் புடிக்க முடியல. ரெண்டு நாளு விட்டா ஆறுது, மறுக்காப் போடறேன்."

இது எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு. கேப்சிடபின் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும். மருத்துவம் சொல்லும் வழியும் அக்கா செய்ததுதான்: நிறுத்தி, ஆறவிட்டு, தேவைப்பட்டால் அளவைக் குறைத்துத் தொடர்வது. டாக்டர் செய்தால் அதற்குப் பெயர் சிகிச்சை. அக்கா தானாகச் செய்ததால் அது 'ஒழுங்கின்மை' ஆகிவிட்டது. கையைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வரிசை நீளம் என்பார்கள், இருக்கலாம். தூய்மைப் பணியாளர் கை அப்படித்தானே இருக்கும் என்ற நினைப்பும் அதில் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது ஒரே மாத்திரைக்கு வருவோம். 2020இல் அமெரிக்காவில் டெசிடபின், செடசூரிடின் இரண்டும் சேர்ந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ஐந்து நாள் நரம்பில் ஏற்ற வேண்டியிருந்த டெசிடபினை அதனால் வீட்டிலேயே விழுங்க முடிகிறது. ஐந்து நாள் கூலி போகாது என்றால் அது நமக்கு எவ்வளவு பெரிய விஷயம்! 2023இல் ஒருவகை புராஸ்டேட் புற்றுநோய்க்கு நிராபரிப், அபிராடெரோன் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அதையும் இரண்டு அளவுகளில் செய்யவேண்டி வந்தது, பக்கவிளைவு வந்தால் குறைக்க வேண்டுமே. சேர்த்துவிட்ட பிறகு ஒன்றை மட்டும் குறைப்பது லேசில்லை. அக்காவின் கேப்சிடபினை இன்னொரு மருந்தோடு சேர்த்து ஒட்டியிருந்தால், கை வெந்தபோது அவர் இரண்டையும் சேர்த்தே விட்டிருப்பார்.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதல்ல. பெருந்துறையில் மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்தை நாம் இன்றும் சானடோரியம் என்றுதானே சொல்கிறோம்? காசநோய்க்காரர்களைக் கொண்டுபோய் வைத்த இடம். ஆனால் அப்படி வைக்கத் தேவையில்லை, ஏழைகள் தங்கள் நெருக்கடியான வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான். வாரம் மூன்று நாள், வேளைக்கு ஏழு மாத்திரை என்று பின்னாளில் இருந்த முறை மாறி, 2017 முதல் நாடு முழுக்க நான்கு மருந்தும் ஒரே மாத்திரையில் தினமும் வருகிறது. எத்தனை என்பது உடல் எடையைப் பொறுத்தது. எச்.ஐ.வி.க்கு மூன்று மருந்துகளை 2001இல் ஒன்றாக்கியது சிப்லா. அந்த மூன்றும் மூன்று வெவ்வேறு வெளிநாட்டுக் கம்பெனிகளின் மருந்துகள். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராத 1970ஆம் ஆண்டுச் சட்டம் இருந்ததால்தான் அது முடிந்தது. 2005இல் அந்தச் சட்டம் மாறிவிட்டது. புதிய புற்றுநோய் மருந்துகளை யார் யாரோடு சேர்க்கலாம் என்பதைக் காப்புரிமை வைத்திருப்பவர்தான் முடிவு செய்வார். தம்பி அனுப்பிய செய்தியில் இது ஒரு வரிகூட இல்லை.

அக்காவோடு அடுத்த முறை நானும் போனேன். "கையைக் காட்டுங்கக்கா" என்றேன். டாக்டர் பார்த்தார். ஒரு வாரம் நிறுத்திவிட்டு, பிறகு வேளைக்கு இரண்டு போதும் என்று எழுதினார்.

அந்த ஒரு வாரம் கூலி இல்லை. மாதாமாதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பணம் பிடிக்கிறார்கள். பிடித்த பணம் முறையாகக் கட்டப்பட்டிருந்து, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால், புற்றுநோய்க்கு நீட்டித்த நோய்க்காலப் பயன் என்று 80 விழுக்காடு ஊதியம் இரண்டு ஆண்டு வரை உண்டு. அக்கா ஏழு வருடமாக வேலை செய்கிறார். ஈ.எஸ்.ஐ. அட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒப்பந்ததாரரிடம் எண் கேட்டு மனு எழுதினோம். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர் கை எரிய, பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கைநாட்டே வெச்சுடறேன் கண்ணு."