நாமக்கல் ரோட்டில் 236!

சேலத்துல இருந்து நாமக்கல்லுக்கு சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? பஸ்ல ஏறினா ஒரு தூக்கம் போடுற 50 சொச்சம் கிலோமீட்டர்தான். நாலு பேர் சேர்ந்து சைக்கிள்ல கிளம்பிப் பாருங்க, கதையே வேற!

விடியற்காலை. கொண்டலாம்பட்டியைத் தாண்டும்போது என் நெஞ்சில் ஒரு பெல்ட், ஹேண்டில்பாரில் ஒரு வாட்ச். சீனியர்கிட்ட கடன் வாங்கின பழைய ஹார்ட் ரேட் மானிட்டர். நண்பன் ஒருத்தனுக்கும் அதே மாடல். 220-ல் வயசைக் கழிச்சா அதிகபட்சத் துடிப்பு. எனக்கு 200. (1971-ல் வந்த உத்தேசக் கணக்கு இது. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு முன்னே பின்னே இருக்கும்.)

மல்லூர் வரைக்கும் 145. ரோட்டோரம் மரவள்ளிக் காடு, டி.என்.28 லாரிகள்னு செம ஜாலி. அப்புறம் வந்தது எதிர்க்காத்து. ஒருத்தன் முதுகுக்குப் பின்னாடி ஒட்டிப் போனா காத்து அவனுக்கு, சொகுசு நமக்கு. (லாரிக்குப் பின்னாடி இதை முயற்சி பண்ணிடாதீங்க, ப்ளீஸ்!) பின்னாடி இருந்தப்ப 152. அதே வேகத்துல நான் முன்னாடி போனதும் 178. மூச்சு வாங்குது. 'மெதுவாப் போலாமா'னு கேட்க மட்டும் வாய் வரலை. மானப் பிரச்னையாச்சே!

ஆண்டகளூர் கேட் தாண்டினதும் வாட்ச்ல 236. செத்தேன்டானு நினைச்சேன். பெல்ட் போட்ட நண்பன் பக்கத்துல உரசிட்டு வந்து, எட்டிப் பார்த்துட்டுச் சிரிக்கிறான். பழைய பெல்ட்டுகள் ஒவ்வொரு துடிப்புக்கும் பொதுவான ஒரு ரேடியோ சிக்னல்தான் அனுப்பும். அது யாரோட இதயம்னு வாட்ச்சுக்குத் தெரியாது. சுமார் ஒரு மீட்டருக்குள்ள வந்தா ரெண்டு பேர் துடிப்பையும் கலந்து எண்ணிடும். இப்ப வர்ற பெல்ட்டுகளுக்குத் தனி அடையாள எண் இருக்கறதால இந்தக் குழப்பம் இல்லை.

அவன் விலகிப் போனான். நானும் சிரிச்சுக்கிட்டே வாட்சைப் பார்த்தேன். 189. இது முழுக்க முழுக்க என்னோடது.

"டேய், முடியலைடா... நிறுத்துங்க!"

முன்னாடி போன ஹீரோ நின்னான். பெல்ட்டே கட்டாத மூணாவது ஆள் சைக்கிளைச் சாய்ச்சுட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டான். "நானே கேக்கலாம்னுதான் இருந்தேன், மல்லூர்லயே."

புதுச்சத்திரத்துல டீ வர்றதுக்குள்ள என் வாட்ச் 108-க்கு இறங்கிடுச்சு. அங்கிருந்து நாமக்கல் மலைக்கோட்டை கண்ணுல படுற வரைக்கும் முன்னாடி போனது அந்த மூணாவது ஆள்தான். பேசிக்கிட்டே மிதிச்சோம்.