கூலன்டை நிறம் பார்த்து வாங்கலாமா?

கார் கூலன்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் கலந்த திரவம்.
பாதிக்குப் பாதி கலந்தால் உறைநிலை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும், கொதிநிலை உயரும்.

பனியே காணாத சென்னைக்கு இது எதற்கு?
அரிப்பைத் தடுக்க.
அலுமினிய ரேடியேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் காப்பாற்றுவது இதில் சேர்க்கும் வேதிப்பொருள்கள்தான்.
பழைய சிலிக்கேட் வகை சுமார் 2 ஆண்டு தாங்கும். கரிம அமில வகை 5 ஆண்டு வரை.

பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம். அதற்குப் பொதுத் தரம் கிடையாது.
கார் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் வகையே சரி.
வகை மாறிக் கலந்தால் காக்கும் திறன் குறையும். சில கலவைகள் கூழாகி அடைத்துக்கொள்ளும்.

அடர் கூலன்டில் போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படியும். கனிமம் நீக்கிய நீர்தான் ஏற்றது.

மிச்சத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.
இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு.