என்ஜினை இறக்குவது யார்?

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு ஷெட்டிலேயே காரின் என்ஜினை மாற்றுகிறார் என்றால் அதில் நியாயமான ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே பட்டறைக் கூலி மணிக்கணக்கில் ஓடும். பழைய என்ஜினின் விலையைவிட அதை இறக்கி ஏற்றுகிற கூலி அதிகமாகிவிடுவதும் உண்டு. விடுமுறை நாட்களில் கையில் கிரீஸ் பூசிக்கொண்டால் மிச்சமாவது கணிசமான பணம். அப்படி மாற்றுகிறவர்கள் போடுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு கோயமுத்தூரில் உட்கார்ந்து அதே கணக்கைப் போட்டால் விடை வராது. இங்கே மொத்தச் செலவில் கூலி சின்னப் பங்குதான். பிஸ்டன் செட், ரிங், பேரிங், காஸ்கெட் செட், கிளட்ச், லேத் வேலை என்று காசு வேறு வழியில் போகிறது. செயின் பிளாக்கும் டார்க் ரென்ச்சும் நல்ல சாக்கெட் செட்டும் சொந்தமாக வாங்கினாலே மிச்சம் பிடிக்க நினைத்த கூலி அதில் கரைந்துவிடும். அதனால் நம் ஊரில் என்ஜின் வேலையை நானே செய்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால் அவருக்குப் பணம் காரணமாக இருக்க முடியாது. ஆசை என்று ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

எனக்கும் ஆசைதான். வீட்டில் நிற்பது தொண்ணூறுகளின் நடுவில் வாங்கிய மாருதி 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், நாலு கியர். பானெட்டைத் திறந்தால் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிற கடைசித் தலைமுறை வண்டி. இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும், ஆசையே வராது. இதைப் பார்த்தால் கை அரிக்கும். அது நீலப் புகை தள்ள ஆரம்பித்தது. ஆயிலும் குடித்தது. வடவள்ளிப் பக்கம் ஒரு சின்ன மேட்டில்கூட இரண்டாவது கியரில் மூச்சு வாங்கியது.

புகை தள்ளினால் உடனே என்ஜின் போச்சு என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ராத்திரி நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுபோனால் பெரும்பாலும் வால்வ் சீல்தான். ஹெட்டோடு முடிகிற வேலை. மிதிக்க மிதிக்கப் புகை கூடினால் ரிங் பக்கம் சந்தேகப்படலாம். உறுதி செய்யக் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். பிளக்கைக் கழற்றி கேஜைத் திருகி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் அந்த சிலிண்டரின் அழுத்தம் தெரியும். குறைவாகக் காட்டினால் பிளக் ஓட்டை வழியே கொஞ்சம் என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டு மறுபடி அடித்துப் பார்க்க வேண்டும். முள் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது: ஊற்றிய ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்துக் கொஞ்ச நேரம் தாங்குகிறது. ஏறவில்லை என்றால் காற்று வால்விலோ ஹெட் காஸ்கெட்டிலோ போகிறது. இந்தச் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். என்னுடையதில் முள் ஏறியது.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு எதையாவது கழற்றிப் பார்க்கத் தோன்றினால் துணைக்கு இழுக்க ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்பப் பூட்டிய கதையைக் கேட்டுத்தான் இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். கரிவரதன் இதே மாருதி என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டியதும் இந்த ஊரில்தான். என் மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். நாயுடு கழற்றிய வண்டியில் மறுநாள் காலையில் யாரையும் டியூஷனுக்குக் கொண்டுபோய் விட வேண்டியிருக்கவில்லை என்றாள்.

இருபது வருஷமாக வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணனிடம் போனேன். சிரிக்கவில்லை. "எறக்கறது ஒண்ணும் பெரிய விசயமில்லைங்க. ஏத்தறப்பத்தான் இருக்குது" என்றார். இறக்குவது உண்மையிலேயே எளிது. பேட்டரி, ரேடியேட்டர், ஏர் கிளீனர், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், சைலன்சர் போல்ட், கியர் ராடு, இரண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட், கடைசியில் மவுண்டிங். கியர் பாக்ஸோடு சேர்த்து மேலே தூக்கிவிடலாம். பட்டறையில் செயின் பிளாக் வேறு வேலையில் இருந்தால் கயிறும் கழியும் போட்டு ஆட்களே தூக்கிவிடுவார்கள். அவ்வளவு சின்ன என்ஜின். திரும்ப ஏற்றும்போதுதான் அடையாளம் எழுதாமல் கழற்றிய வாக்குவம் ஹோஸ்கள் எங்கே போகின்றன என்று தெரியாது. ஒரே தடிமனில் நீளம் மட்டும் மாறுகிற போல்ட்டுகள் இடம் மாறும். கிளட்ச் பிளேட்டை நடுவாக நிறுத்தாமல் இறுக்கியிருந்தால் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே நுழையாமல் அடம் பிடிக்கும். பழகிய கைக்கு இதெல்லாம் யோசிக்காமலே வரும். புதுக் கை ஒவ்வொன்றிலும் நின்று நின்று போக வேண்டும்.

அடுத்து, வேறு என்ஜின் வைப்பதென்றால் எந்த என்ஜின் என்ற கேள்வி. மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இனிக் கிடைப்பது உடைத்த வண்டிகளிலிருந்து எடுத்ததுதான். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஆயில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். உள்பக்கம் பால் காபி நிறத்தில் ஏடு படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, தொடவே கூடாது. அதே 796 சி.சி. தானே என்று ஆம்னி என்ஜினைத் தூக்கிவந்துவிடுபவர்கள் உண்டு. ஆம்னியில் அது சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் கிடந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. 800-இல் குறுக்காக நின்று முன்சக்கரத்தை ஓட்டுகிறது. அப்படியே வைத்தால் உட்காராது. பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. 800-இன் என்ஜினும் கார்புரேட்டர் வண்டிக்குச் சுலபத்தில் சேராது. அதற்குக் கம்ப்யூட்டர், வயரிங், டேங்குக்குள் பெட்ரோல் பம்ப் எல்லாம் கூடவே வர வேண்டும்.

கடைக்காரர் தருகிற கேரண்டி ஓட்டிப் பார்க்கிற சில நாளைக்குத்தான். இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணன் சொன்னது எனக்கு உறைத்தது. "என்ஜினை நானே பார்த்து வாங்கி நானே பூட்டினா, என்ன கோளாறு வந்தாலும் என் தலையில. நீங்க வாங்கிட்டு வந்து குடுத்தா நான் பூட்டத்தான் செய்வேன். நாளைக்குப் பொகை வந்தா என்னைக் கேக்கப்புடாதுங்க." ஆளை வைத்துச் செய்கிறோம் என்றால் அவருடைய கைத்திறமைக்குக் காசு கொடுக்கிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாதிக் காசு இதற்குத்தான்: சாவியைத் திருப்பி வண்டி கிளம்பாமல் நிற்கும்போது கவலைப்பட வேண்டியவர் அவர், நாம் அல்ல. நானே செய்வதென்றால் கூலியோடு அந்தக் கவலையையும் நானே எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது வேண்டுமா என்று யோசித்தபோது, ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா என்ற கேள்வி சின்னதாகிவிட்டது.

யாருக்கும் கூலி கொடுத்து இறக்கிவைக்க முடியாத பொறுப்பும் ஒன்று உண்டு. வேறு என்ஜின் வைத்தால் நம்பர் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, முன் அனுமதி இல்லாமல் என்ஜின் மாற்றப்பட்டிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். இன்சூரன்ஸிலும் திருத்த வேண்டும். எந்த வண்டியிலிருந்து எடுத்த என்ஜின் என்பதற்குக் காகிதமும் நம் பெயரில் பில்லும் இல்லாவிட்டால், அது திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால், மாட்டுவது வண்டிச் சொந்தக்காரர். ஜென்னின் 993 சி.சி. என்ஜினை 800-க்குள் திணிக்கிற இளவட்டங்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓட்ட ஜோராகத்தான் இருக்கும். ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே என்ஜினை மாற்றவில்லை, இருப்பதையே ஓவர்ஹால் செய்வது என்று முடிவானது. பிளாக் நம்முடையதாகவே இருப்பதால் நம்பர் மாறாது, ஆர்.டி.ஓ. படி ஏற வேண்டியதில்லை. லேத்தில் அளந்து பார்த்து, தேய்மானத்துக்கு ஏற்ப 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடுதலாக ரீபோர் செய்து அதே அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். எவ்வளவு பெரிய ஆசைக்காரரும் இதை வீட்டில் செய்ய முடியாது.

என் ஆசைக்கும் அண்ணன் ஓர் இடம் ஒதுக்கினார். கழற்றுவது, கழுவுவது, ஹோஸ்களுக்குச் சீட்டு ஒட்டுவது, லேத்துக்குக் கொண்டுபோய் வருவது எல்லாம் என் பங்கு. வெளியே வந்திருக்கும்போதே கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நான் சொன்னதை மறுக்கவில்லை. அந்த சீல் அற்ப விலை. பிறகு ஒழுகினால் அதற்காகவே கியர் பாக்ஸை இறக்க வேண்டிவரும். பூட்டும்போது மட்டும் ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, ஒரே ஆள் முறுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

"பாதி நீங்க, பாதி நானுன்னு முறுக்கி, நாளைக்கு ஸ்டார்ட் ஆகலைன்னா ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துட்டு நிக்கோணும்" என்றார்.

புது ரிங் உட்காரும்வரை விரட்டக் கூடாது, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை டேப்பெட் பார்க்கப் போனபோது ஃபீலர் கேஜை என்னிடமே கொடுத்து, பக்கத்தில் நின்று ஒரு சிலிண்டரைச் செய்யவைத்தார். குளிர்ந்த என்ஜினில் அரை மணி நேர வேலை. இனி இதற்காக இவ்வளவு தூரம் வரவேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு மட்டும் நான் பொறுப்பு.