மேற்கு அல்ல, தென்கிழக்கு! லண்டனில் அறை தேடும் முஸ்லிம் மாணவர்கள் பார்க்க வேண்டியவை

லண்டனின் ஒயிட்சாப்பல் ஸ்டேஷனில் இறங்கினால், பெயர்ப்பலகையே ஆங்கிலத்தோடு வங்காளத்திலும் இருக்கிறது. வெளியே வந்தால் தெருச்சந்தை. பாகற்காய், கொத்தமல்லி, தலைக்கு முக்காடுத் துணி, செல்போன் கவர்... எல்லாம் ஒரே வரிசையில். வலது பக்கம் ஐந்து நிமிடம் நடந்தால் ஈஸ்ட் லண்டன் பள்ளிவாசல். 1985-ல் திறக்கப்பட்டது. பெண்களுக்கான மர்யம் சென்டர் 2013-ல் சேர்ந்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளி பிரிக் லேன். அங்குள்ள பள்ளிவாசல் கட்டடம், 1743-ல் பிரான்ஸிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டன்ட்கள் கட்டிய தேவாலயம். பிறகு அது யூதர்களின் ஜெப ஆலயமானது. 1976-ல் இருந்து பள்ளிவாசல். வந்து இறங்குகிறவர்கள் மாற மாற, அதே சுவர்களுக்குள் வழிபாடும் மாறியிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்தால் யாருக்குமே ‘இங்கேயே ரூம் எடுத்துடலாம்’ என்றுதான் தோன்றும். கீழக்கரையிலிருந்து முதுகலை படிக்க வந்த என் தோழிக்கும் அப்படித்தான் தோன்றியது. கல்லூரி பக்கத்திலேயே, மைல் எண்டில். ஈஸ்ட் ஹாமில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு வாரம் தங்கிக்கொண்டு அறை தேடினாள். ‘மனசுக்கு ஒப்புற இடம் கிடைச்சா படி, இல்லேன்னா திரும்பி வா’ என்று அவள் உம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அது சும்மா மிரட்டல் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

முதலில் பார்த்தது, ஒயிட்சாப்பலில் ஒரு கடைக்கு மேலே தனியார் வீட்டு அறை. பள்ளிவாசல் மூன்று நிமிடம். வாடகை குறைவு. ஆனால் குளியலறையும் சமையலறையும் ஐந்து பேருக்குப் பொது. அதில் மூன்று பேர் ஆண்கள். அறைக் கதவுக்குப் பூட்டும் இல்லை. ‘பள்ளிவாசல் பக்கம்’ என்ற ஒரே காரணத்துக்காக அதை எடுப்பது சரியில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

ஏனென்றால், லண்டனில் நேரம் நம் ஊர் மாதிரி நடப்பதில்லை. டிசம்பர் கடைசியில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும், மாலை நாலு மணிக்குள் போய்விடும். லுஹர், அஸர், மஃக்ரிப் மூன்றும் வகுப்பு நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். அப்போது வீட்டுப் பக்கத்துப் பள்ளிவாசலைவிட கல்லூரிக்குள் ஒரு தொழுகை அறை இருப்பதுதான் உதவும். ஜூனில் நேர்மாறு. இரவு ஒன்பதே காலுக்கு மேல்தான் சூரியன் மறையும். இஷா பதினொன்றைத் தொடும். அந்த நேரத்தில் ஒரு பெண் எந்தத் தெரு வழியாக நடந்து வர வேண்டியிருக்கும் என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது பல்கலைக்கழக விடுதி. இங்கே ‘ஹால்ஸ்’ என்கிறார்கள். ஒரு ஃபிளாட்டில் ஆறேழு அறைகள், ஒரு பொதுச் சமையலறை. பெண்கள் மட்டும் தங்கும் ஃபிளாட் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் மது இல்லாத ஃபிளாட்டும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பெண்கள் ஃபிளாட் என்பதால் ஃபிரிட்ஜில் ஒயின் பாட்டில் இருக்காது என்று யாரும் உறுதி தரவில்லை!

சாப்பாடு சேர்த்துத் தரும் விடுதியைவிட, சமைத்துக்கொள்ளும் விடுதிதான் நம்மவர்களுக்கு வசதி. ஹலால் கறிக்கடைகளுக்கு கிழக்கு லண்டனில் பஞ்சமில்லை. கடைகளில் ஹெச்.எம்.சி., ஹெச்.எஃப்.ஏ. என்று இரண்டு முத்திரைகளைப் பார்க்கலாம். அறுப்பதற்கு முன் விலங்கை மயக்கமடையச் செய்வதை முதலாவது ஏற்பதில்லை. இரண்டாவது நிபந்தனைகளோடு ஏற்கிறது. எது வேண்டும் என்பது அவரவர் முடிவு. ஆனால் வாணலியும் கரண்டியும் கட்டாயம் தனியாக இருக்கட்டும். காலையில் அதே வாணலியில் பக்கத்து அறைக்காரர் பேக்கன் வறுத்திருப்பார்.

குளியலறையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நம் ஊர் போலத் தரையில் தண்ணீர் போக வழி பெரும்பாலும் இருக்காது. ஒளு செய்யக் காலைத் தூக்கி வாஷ்பேசினில்தான் வைக்க வேண்டும். தரையில் கொட்டினால் கீழ்வீட்டுக் கூரையில் கறை. டாய்லெட்டில் பைப்பும் கிடையாது. ஒரு காலி பாட்டில்தான் துணை. அதனால் அறையோடு சேர்ந்த குளியலறைக்கு வாரம் சில பவுண்ட் கூடுதலாகக் கொடுப்பதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். சாம்பிராணி, ஊதுபத்தி இரண்டுக்கும் விடுதிகளில் தடை. புகை அலாரம் அலறினால் மொத்தக் கட்டடமும் குளிரில் தெருவில் நிற்கும். சஹருக்கு எழுந்து மீன் பொரிப்பவர்கள் கவனம்!

வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். 200 பவுண்ட் என்றால் மாதம் 800 என்று நாம் போடுகிற கணக்கு தவறு. வருடத்துக்கு 52 வாரம் என்பதால் மாதம் கிட்டத்தட்ட 867 வரும். தனியார் வீடென்றால் இங்கிலாந்து சட்டப்படி டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். தோழியிடம் ஒரு தரகர், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பணம் அனுப்பச் சொன்னார். அவள் அனுப்பவில்லை. அடுத்த நாள் அந்த விளம்பரமே காணோம்.

கடைசியில் கல்லூரி விடுதியிலேயே பெண்கள் ஃபிளாட்டில் ஓர் இடம் காலியானது. யாரோ படிப்பை ஒத்திவைத்திருந்தார்கள். வாடகை அந்தக் கடை மாடி அறையைவிட அதிகம். கணக்குப் போட்டு, வாரம் இரண்டு நாள் பகுதிநேர வேலை பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

அறையிலிருந்து வீடியோ கால். உம்மா முதலில் கதவுப் பூட்டைக் காட்டச் சொன்னார். அப்புறம் குளியலறை. அப்புறம் ‘மேற்கு எந்தப் பக்கம்மா?’ என்றார். நம் ஊரில் கிப்லா மேற்கு. லண்டனில் அது தென்கிழக்கு. போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தால் அது சரியாக அலமாரி இருக்கும் மூலை. அலமாரியோ சுவரோடு சேர்த்துப் பொருத்தியது, நகராது. கட்டிலைக் கொஞ்சம் தள்ளினோம். தொழுகை விரிப்பு குறுக்காக விரிக்கிற அளவுக்கு இடம் கிடைத்தது.