மின்சார ரயில் தூரத்தில் ஒரு சொந்த வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சும்மாவா சொன்னார்கள்! எங்கள் விஷயத்தில் வீடு கட்டுவது கூட இல்லை. கட்டின வீடு ஒன்றை எந்த ஊரில் வாங்குவது என்று முடிவு செய்வதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. கையை விட்டுப் பணமும் போயிற்று. சொந்த வீட்டுக் கனவோடு இருக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவம் உதவட்டும் என்றே எழுதுகிறேன்.

2015-ம் வருஷம். கோடம்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவருக்குப் பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கர் வேலை. மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, கூடவே மாமியார். சுவரில் ஓர் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "என்னம்மா சத்தம்?" என்பார். சாமி படம் மாட்டக் கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே என்று மாமியார் புலம்புவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். பாங்க்கில் கடன் 18 லட்சம், சேமிப்பும் பி.எஃப். பணமும் சேர்ந்து 8 லட்சம், என் நகை 14 பவுனை விற்றால் ஏறக்குறைய 3 லட்சம். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 29 லட்சத்தைத் தாண்டவில்லை. அந்தப் பணத்துக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு சமையலறை கூடக் கிடைக்காது! ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வெளியே போவதுதான் வழி என்று தெரிந்தது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பாதையை ஒட்டித்தான் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் பல்லாவரம், குரோம்பேட்டை என்று நகர்ந்து போயின. நாங்கள் தேடிய சமயம் அங்கேயும் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர் பக்கம் ஒரு தரை வீடு 25 லட்சத்துக்கு வந்தது. இரண்டு படுக்கையறை, வாசலில் வேப்பமரம், பின்னால் துணி துவைக்கிற கல். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேப்பமரத்தை விட எனக்குப் பிடித்தது அந்த விலைதான். 25 லட்சம் என்றால் என் நகை எனக்கே மிஞ்சுமே!

நாங்கள் பார்த்தது கத்திரி வெயிலில். தெருவெல்லாம் காய்ந்து புழுதி பறந்தது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டார். சுவரில் என் இடுப்பு உயரத்தில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. அதைக் காட்டி, "ரெண்டாயிரத்து அஞ்சுல தண்ணி நின்ன இடம் இது. மழைக்காலத்திலே ஒருதரம் வந்து பாத்துட்டு அப்புறம் பணத்தைக் குடு கண்ணு" என்றார்.

இவர் உறவுக்காரர் யாருக்காவது வீட்டை முடிக்கப் பார்க்கிறாரோ என்றுதான் என் புத்தி போயிற்று. கணவர், "கொஞ்சம் பொறுக்கலாமே" என்றதற்கு, "நீங்க பொறுத்துப் பொறுத்துத்தான் குரோம்பேட்டை கை நழுவிப் போச்சு" என்று வாயை அடைத்தேன். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தோம். பாங்க் கடன் வந்ததும், தீபாவளி கழித்துப் பத்திரம் என்று பேச்சு.

தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் நடுவில் ஒரு தரம், டிசம்பர் 1, 2 தேதிகளில் மறு தரம். அடையாறு கரை புரண்டு ஓடியது. முடிச்சூரில் ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போவதை டி.வி.யில் பார்த்தபோது என் அடிவயிறு கலங்கிவிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கப் போனோம். அந்த வீட்டு அம்மாள் முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். ஊறிப்போன மெத்தைகளும் பள்ளிக்கூடப் புத்தகங்களும் வேப்பமரத்தடியில் கிடந்தன. எப்படிக் கேட்பது? கொண்டு போயிருந்த புளிசாதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். மூன்று மாதம் கழித்து அவர்களாகவே பாதிப் பணத்தைத் தந்தார்கள். மீதியை நாங்களும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பூக்காரப் பாட்டியும் இருந்தார். "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. "நீங்க தப்பிச்சீங்க கண்ணு" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லில் கூசிப் போனேன்.

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஊருக்கு ஒரு பக்கம்.

முதலில் ரயில். தாம்பரம் வரைக்கும் வண்டிகள் அடிக்கடி உண்டு. அதைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை போகிற வண்டிகள் குறைவு. மேற்குப் பாதையிலும் இதே கதைதான்: ஆவடி வரை நிறைய, அதற்கப்பால் திருவள்ளூர், அரக்கோணம் என்றால் காத்திருக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலி ரயிலில் போய்ப் பார்ப்பதை நிறுத்தினோம். வேலை நாளில், கணவர் திரும்புகிற அதே மாலை வண்டியில், பெண்கள் பெட்டியில் நசுங்கிக்கொண்டு நானும் போனேன். புரோக்கர் சொல்லும் "ஸ்டேஷனிலிருந்து அஞ்சு நிமிஷம்" என்பது அவருடைய மோட்டார் சைக்கிள் கணக்கு! காய்கறிப் பையோடு நான் நடந்து, கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். ராத்திரி எட்டு மணிக்குத் தெருவிளக்கு எரிகிறதா என்றும் பார்த்தேன். வயதுக்கு வரப் போகிற பெண் வீட்டில் இருக்கிறாளே.

அடுத்தது தண்ணீர். செங்கல்பட்டுப் பக்கத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். எங்கே ஏரி, எது அதன் போக்குக் கால்வாய் என்று விசாரிக்காமல் அங்கே காலடி வைக்கக் கூடாது. மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, மே மாதம் போர்வெல்லில் தண்ணீர் வருகிறதா, உப்பா, லாரி தண்ணீர் வாங்குகிறார்களா என்று குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் நின்ற பெண்களைக் கேட்டேன். விற்கிறவர் மறைத்தாலும் துணி துவைக்கிறவள் மறைக்க மாட்டாள்.

மூன்றாவது பத்திரம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, மனைக்கும் கட்டடத்துக்கும் முறையான அனுமதி எல்லாவற்றையும் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டினோம். "பஞ்சாயத்து அப்ரூவல் போதும்" என்று மலிவாகச் சொன்ன இரண்டு இடங்களை விட்டோம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை விதித்தபோது, நல்லவேளை என்று பெருமூச்சு விட்டோம்.

அந்த வருஷமே கூடுவாஞ்சேரியில், மேட்டுப் பாங்கான ஒரு தெருவில், எட்டு வருஷப் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கினோம். இரண்டாவது மாடி, ஸ்டேஷனுக்கு என் நடையில் பதினான்கு நிமிஷம். விலை 26 லட்சம். பத்திரச் செலவு, வக்கீல், பெயிண்ட் என்று அதற்கு மேலே இரண்டரை லட்சம். இந்த மேல்செலவை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைக்காவிட்டால் திண்டாட வேண்டியதுதான். தாலிக்கொடி தவிர என் நகை அத்தனையும் போயிற்று. கடைக்காரர் தராசில் வைத்தபோது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குறையே இல்லையா என்றால், உண்டு. ரயிலில் மட்டும் கணவருக்குப் போக வர இரண்டரை மணி நேரம். மாதம் 25 நாளுக்கு அறுபது மணிக்கு மேல்! சீசன் டிக்கெட் மலிவுதான், அந்த அறுபது மணிக்கு யார் விலை போடுவது? மகன் தூங்கும்போது போய், தூங்கின பிறகு வந்தார். வீட்டு விலையோடு இதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் எந்த வேலைக்கும் அவரைக் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. தெருமுனையில் கணுக்கால் அளவு தண்ணீர். எங்கள் வாசலுக்கு வரவில்லை. பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டியின் சுவரும் கோடும்தான் நினைவுக்கு வந்தன.

சகோதரிகளே, வீடு பார்க்கப் போகிறீர்களா? வெயிலில் ஒரு தரம் பாருங்கள், அடைமழையில் ஒரு தரம் பாருங்கள். அந்தத் தெருவில் பத்து வருஷமாகக் கோலம் போடுகிற ஒருத்தியிடம் நின்று பேசுங்கள். அவள் சொல்வது நமக்குப் பிடிக்காததாக இருந்தால், அதை இன்னும் கவனமாகக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, ஆனாலும் மழை முந்திக்கொண்டு என்னைக் காப்பாற்றியது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.