வெட்டாத கத்தி

என் ஊர் வேடந்தாங்கல் என்று சொன்னவுடன், "பறவைகள் வந்துவிட்டனவா?" என்றுதான் விடுதித் தோழியர் எல்லாரும் கேட்பார்கள். நானும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் என்று அடுக்கிக்கொண்டே போவேன். ஆனால் இந்த ஆண்டு மலருக்கு நான் எழுத வந்தது பறவைகளைப் பற்றி அல்ல. எங்கள் வீட்டுக் கத்தி ஒன்றைப் பற்றி.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு அச்சிறுப்பாக்கம் மழை மலை மாதா திருத்தலத்திற்குச் சென்றிருந்தோம். திரும்பும் வழியில் சாலையோரக் கடை ஒன்றில் பளபளவென்று ஓர் எவர்சில்வர் கத்தி என் கண்ணில் பட்டது. பச்சைப் பிளாஸ்டிக் கைப்பிடி. விலை 40 ரூபாய். எங்கள் வீட்டில் இருந்ததோ பாட்டி காலத்து அரிவாள்மனை, கறுத்துப்போன இரும்பு. "அம்மா, இனிமேல் முதுகு வலிக்கக் கீழே உட்கார வேண்டாம், நின்றுகொண்டே நறுக்கலாம்" என்று சொல்லி, நான் சேர்த்து வைத்திருந்த பணத்தில் அதை வாங்கிக் கொடுத்தேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. அரிவாள்மனை பரணுக்குப் போயிற்று.

முதல் வாரம் கத்தி நன்றாகவே வெட்டியது. அடுத்த வாரம் தக்காளி நறுங்குவதற்குப் பதில் நசுங்கியது. தெருவில் வந்த சாணைக்காரரிடம் அப்பா கொடுத்துத் தீட்டி வாங்கினார்கள். நான்கு நாளில் மறுபடியும் மழுங்கிவிட்டது. இவையெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன. நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மா என் எதிரில் அந்தக் கத்தியையே எடுத்துப் புழங்கினார்கள். ஒரு குறையும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாள் காலை, பரங்கிக்காயைப் பிளக்கும்போது கத்தி இறங்கவில்லை. அம்மா பலங்கொண்ட மட்டும் அழுத்தினார்கள். கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு தையல் போட்டார்கள். அது களையெடுப்புக் காலம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாயும் எங்கள் ஊர் வயல்களில் பயிரோடு களையும் செழித்து வளரும். அந்த வேலைக்கு அம்மா 12 நாட்கள் போக முடியவில்லை, கூலியும் இல்லை.

"கத்தி சரியில்லை என்று ஏனம்மா சொல்லவில்லை?" என்று அழுதேன். "நீ ஆசையாய் வாங்கித் தந்ததாச்சே" என்றார்கள், அவ்வளவுதான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அப்பாவும் நானும் கத்தியை எடுத்துக்கொண்டு ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் அதை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்துச் சிரித்தார். "இது வெறும் தகடு, பாப்பா. எத்தனை முறை சாணை பிடித்தாலும் கூர் வரும், நிற்காது" என்றார். நல்ல எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தால் கெட்டிப்படும். பிறகு இலேசாகச் சூடு காட்டினால் ஒடியாமல் நிற்கும். அதற்கு இரும்பில் கரி தேவையான அளவு கலந்திருக்க வேண்டும். அது போதாத தகட்டில் பதம் ஏறாது; காயை அழுத்தும்போது கூரான விளிம்பு மடங்கிப் போகும். இதனால்தான் பழைய லாரியின் வில்லுப் பட்டையைத் தேடி வாங்கிக் கத்தி அடிப்பதாக அவர் சொன்னார்.

பள்ளி திறந்ததும் எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் இதைக் கேட்டேன். துருப்பிடிக்காத எஃகை 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் உருவாக்கியபோது, "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்று அவரையே கேலி செய்தார்களாம்! அதற்குச் சரியான பதம் ஏற்றும் முறை பின்னரே கைவந்தது. ஆகவே எவர்சில்வர் கத்தி எல்லாமே மோசம் அல்ல. பதம் ஏறிய நல்ல கத்திகளும் உண்டு. நம் தமிழகத்தில் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், 2000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். இரும்பை மண் மூசையில் கரிப்பொருளோடு அடைத்து உருக்கும் கலை தென்னிந்தியாவில் தழைத்திருந்தது. அந்த எஃகை 1819இல் ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. அவரும் ஒரு கொல்லரின் மகன்தான். நான் பரணில் ஏற்றிய கறுப்பு இரும்பை நினைத்து வெட்கப்பட்டேன்.

விடுதிச் சமையலறை சிஸ்டர் கற்றுக்கொடுத்தவை இன்னும் பயனுள்ளவை. எவர்சில்வர் தட்டின் மேலோ கல் மேடையின் மேலோ வைத்து நறுக்கக் கூடாது, மரப்பலகை வேண்டும். பாத்திரங்களோடு கத்தியைப் போட்டு உருட்டக் கூடாது. கழுவியதும் துடைத்து வைக்க வேண்டும். இரும்புக் கத்தியானால் ஒரு துளி எண்ணெய் தடவ வேண்டும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பில்லாத சொரசொரப்பான வளையம் தெரியும். கத்தியின் முதுகை ஒரு விரல் கனம் தூக்கிப் பிடித்து, இரு பக்கமும் அதில் சில முறை மெதுவாக இழுத்தால் கூர் திரும்பும். முழுக்க மழுங்கும்வரை காத்திருக்கக் கூடாது. "கூரான கத்தியைவிட மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அதற்குப் பலம் அதிகம் வேண்டும், பலம் கூடினால் பிடி தவறும்" என்றார்கள். சபை உரையாளர் நூலின் பத்தாம் அதிகாரத்திலேயே தீட்டாத இரும்பைப் பற்றிய அறிவுரை இருப்பதையும் எடுத்துக் காட்டினார்கள்.

இப்போது அரிவாள்மனை பரணிலிருந்து இறங்கிவிட்டது. நின்று நறுக்குவதற்குப் பட்டறைப் பெரியவர் அடித்துத் தந்த கத்தியும் இருக்கிறது. நான் வாங்கிய கத்தியை அம்மா எறியவில்லை. வாழைப்பழம் நறுக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் விரலில் தழும்பும் இருக்கிறது.

கொடுத்ததோடு என் அன்பு முடிந்துவிட்டது என்று இருந்தேன். கொடுத்த பொருள் பயன்படுகிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தச் சமையலறையில் ஒரு காய்கூட நறுக்கவில்லை. நறுக்கியிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். தோழியரே, இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும், அம்மாவிடமிருந்து கத்தியை வாங்கி நீங்களே ஒரு தக்காளியை நறுக்கிப் பாருங்கள். அம்மா சொல்லாததைக் கத்தி சொல்லிவிடும்.

— பதினோராம் வகுப்பு மாணவி